சைட்டில் கற்றதற்கு ஒரு சான்று

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அளப்பவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு வீடு எழும்புவதற்கு முன் மனையின் எல்லையை ஒருவர் அளக்கிறார். அடித்தளம் போடும்போது மட்டம் பார்க்க ஒருவர் வருகிறார். சுவர் எழும்பியதும் எத்தனை கன மீட்டர் கட்டுவேலை, எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று அளவுப் புத்தகத்தில், அதாவது நாம் எம்-புக் என்கிறோமே அதில், ஒருவர் எழுதுகிறார். வங்கிக் கடனுக்காக வீட்டுக்கு மதிப்புச் சொல்ல இன்னொருவர் வருகிறார். நால்வர் கையில் இருப்பதும் அளவுதான். அது தவறினால் அண்டை வீட்டாரோடு வழக்கு, சாலையில் தேங்கும் தண்ணீர், ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம், கடன் வாங்கியவருக்குத் தலைவலி.

இந்த வேலையைச் சென்னையில் நாள்தோறும் செய்பவர்கள் யார்? பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு சர்வேயர் பிரிவில் படித்தவர்கள். மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தவர்கள். ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்கும் உதவியாளாகச் சேர்ந்து, இன்று டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியைத் தனியாகக் கையாளும் ஆட்கள். நான் பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இப்போது மெட்ரோ சுரங்கப் பணியிலும், ஓ.எம்.ஆர். அடுக்குமாடித் திட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்தும் ஒரு விஷயத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்: வேலையிலேயே கற்ற இவர்கள் சோதனையில் தேறி, தகுதிச் சான்று பெற்று, மேலே உயர ஒரு வழி வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத்தில் ஒரு கதவு. சுவரின் இரண்டு பக்கமும் பூச்சு. பில் போடும்போது பூச்சுப் பரப்பிலிருந்து கதவின் பரப்பை எத்தனை பக்கத்துக்குக் கழிக்க வேண்டும்? கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200-ன்படி, அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டுமே கழிவு. மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது நிலையைச் சுற்றியுள்ள உட்பக்கப் பூச்சுக்கு ஈடாக. பல ஆண்டுகள் எம்-புக் எழுதிய சூப்பர்வைசர் இதை யோசிக்காமல் சொல்வார். கல்லூரியிலிருந்து புதிதாக வரும் பொறியாளர் பெரும்பாலும் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். ஆறு மாதத்தில் அந்தப் பொறியாளர் அவருக்கு மேலதிகாரி. ஐந்தாண்டில் ப்ராஜெக்ட் மேனேஜர். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெறும்போதும் சூப்பர்வைசர்தான்.

பொறியாளர் உயர்வதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லிக்கொடுத்தவர் உயர வழியே இல்லையே என்பதுதான் வருத்தம்.

மதிப்பீட்டுத் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த விதிகளின்படி நிலம், கட்டடம் ஆகியவற்றுக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளராக வேண்டுமானால் கட்டடப் பொறியியல், கட்டடக்கலை, நகரமைப்பு போன்ற ஒன்றில் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பிறகு 5 ஆண்டு அனுபவம், 50 மணி நேர வகுப்பு, மத்திய அரசின் திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ. நடத்தும் தேர்வு. ஒழுங்கான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 5 ஆண்டு அனுபவம் பட்டத்துக்குப் பிறகு வந்தால்தான் செல்லும். பட்டம் இல்லாதவரின் இருபது ஆண்டு அனுபவத்துக்கு அங்கே மதிப்பு கிடையாது.

முன்பு ஒரு கதவு திறந்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டே, இந்தியப் பொறியாளர் கழகம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதிப் பொறியாளர் ஆனவர்கள் நம் பொதுப்பணித் துறையில் எத்தனையோ பேர். பகலெல்லாம் வரைவாளர் வேலை, இரவில் படிப்பு. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்கு இணை என்று மத்திய அரசு வரையறுத்தபோது, அந்தக் கதவு பெருமளவு மூடிவிட்டது. அதற்கு ஈடாக அவ்வளவு அகலமான வேறொன்று திறக்கவில்லை.

நேயர்களே, இந்தத் தொழில் இந்த ஊரில் எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் பார்ப்போம். 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து 8 சிறுவர்களை எடுத்து, கணக்கும் கருவியும் கற்றுக்கொடுத்து, களத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்தபடியே அவர்கள் தேர்ந்தார்கள். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கு ஆதாரமான முதல் நீளத்தை, அளந்து, நாட்டையே முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி. அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஜோஷுவா டி பென்னிங் அவருடைய நம்பிக்கைக்குரிய உதவியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அந்தச் சின்னப் பள்ளிதான் வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. நாட்டிலேயே மிகப் பழைய தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் ஒன்று, வேலையோடு சேர்த்துக் கற்பிக்கும் இடமாகத்தான் பிறந்தது. இன்று அதன் வாசலுக்குள் நுழைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கட்-ஆஃப் வேண்டும். பதினேழு வயதில் அந்த மதிப்பெண் எடுக்கமுடியாமல் போனவருக்கு, முப்பது வயதில் எவ்வளவு திறமை இருந்தாலும், திரும்பி வர வழி குறைவு.

இதை இப்போது ஏன் பேசவேண்டும்? வேலை பெருகிக்கொண்டே போகிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் 5,904 ஆக விரிவாக்க அரசு ஆணையிட்டது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த நீளம் மட்டும் 118.9 கிலோமீட்டர். நகர்ப்புற நிலங்களை வானிலிருந்து அளந்து பதிவேடுகளைப் புதுப்பிக்க நக்ஷா என்ற திட்டத்தை 2025-ல் மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. ட்ரோன் படம் எடுத்துவிடும். இது யாருடைய மதில், எந்த உட்பிரிவு, பழைய நில அளவை வரைபடமான புலப்படத்தில் இருக்கும் எல்லைக் கல் இப்போது எங்கே என்று களத்தில் நின்று சொல்ல மனிதர் வேண்டும்.

ட்ரோன் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அனுமதி பெற்ற நிலையத்தில் பயிற்சி எடுத்து, தேர்ச்சி பெற்று, விமானிச் சான்றிதழ் வாங்கலாம். யாரும் பி.இ. கேட்கவில்லை. பறக்கவிடத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்துச் சான்று தருகிறார்கள். நம் ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பையும் பாருங்கள். ஜே.இ.இ. இல்லாமல் நான்கு வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே வரலாம். இடையில் நிறுத்தினாலும் படித்த அளவுக்கு ஒரு சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். ஆடிட்டர் தொழிலும் அப்படித்தான். மூத்த ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சிப் பணி செய்யாமல் யாரும் சி.ஏ. ஆகமுடியாது. பணத்தின் கணக்கைப் பார்ப்பவர் வேலையிலேயே கற்றுத் தகுதி பெறலாம் என்றால், கட்டடத்தின் கணக்கைப் பார்ப்பவர் ஏன் கூடாது?

இங்கிலாந்தில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். பள்ளி முடித்த இளைஞர் ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பணியாளராகச் சேர்கிறார். பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற நாள் வேலை, சம்பளமும் உண்டு. ஏறக்குறைய ஐந்தாண்டில் பட்டமும், தொழில் அமைப்பு அங்கீகரிக்கும் சார்ட்டர்ட் சர்வேயர் தகுதியும் கிடைக்கின்றன. பயிற்சிக் கட்டணத்தைப் பயிற்சியாளரிடம் வாங்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் சம்பளத் தொகையில் அரை விழுக்காட்டை இதற்கென்றே 2017 முதல் கட்டி வருகின்றன. கடைசியில் தேர்வாளர் குழு முன் நேர்காணல். மனப்பாடம் செய்தவர் அதில் தேறமாட்டார்.

அந்த நேர்காணல்தான் நமக்கு முக்கியமாகத் தேவை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு சர்வேயர் பெஞ்ச் மார்க்கில், அதாவது உயரம் தெரிந்த நிலையான ஒரு குறியில், தொடங்குகிறார். லெவல் மெஷினை நகர்த்தி நகர்த்தி ஒரு கிலோமீட்டர் சுற்றி, மறுபடி அதே பெஞ்ச் மார்க்கில் வந்து மூடுகிறார். இரண்டு மட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும்; ஒரு சிறு வித்தியாசம் எப்போதும் வரும். துல்லிய வேலைக்கு அந்தத் தூரத்தில் 12 மில்லிமீட்டர் வரை ஏற்கலாம் என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் வந்திருப்பது 30 மில்லிமீட்டர். மாலை ஐந்தரை மணி. ரெடிமிக்ஸ் லாரி கேட்டில் நிற்கிறது. என்ன செய்வீர்கள்?

எழுத்துத் தேர்வில் எல்லோரும் ‘மறுபடி எடுப்பேன்’ என்றுதான் எழுதுவார்கள். நேர்காணலில் நான் வேறு மாதிரி கேட்பேன். கடைசியாக உங்களுக்கு இப்படி எப்போது நடந்தது? எந்த சைட்? யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார்? ஃபீல்டு புக்கில் பழைய ரீடிங்கை அழித்தீர்களா, இல்லை கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினீர்களா? களத்தில் நின்றவர் தடுமாறாமல் சொல்வார். நிற்காதவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

30 மில்லிமீட்டர், அதாவது 3 சென்டிமீட்டர், அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சென்னை தட்டையான ஊர். ஒரு மழைநீர் வடிகாலுக்கு இரண்டாயிரத்துக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தால், 100 மீட்டர் தூரத்துக்குக் கிடைக்கும் இறக்கம் மொத்தமே 5 சென்டிமீட்டர். அதில் 3 சென்டிமீட்டரைப் பிழை விழுங்கிவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப் பேசும்போது சில பொறியாள நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். தகுதியைத் தளர்த்தினால் ஆபத்து என்கிறார்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. அந்தச் செய்தியை மறந்துவிட்டு இந்தத் தொழிலில் யாரும் பேசக்கூடாது. அவர்கள் கவலையை மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: கட்டுமான வடிவமைப்புக் கணக்கு இந்த வழிக்குள் வரவேண்டாம். அது அதற்கென்று படித்தவர்களிடமே இருக்கட்டும். எல்லை அளத்தல், மட்டம், மார்க்கிங், அளவீட்டுக் கணக்கு, மதிப்பீடு ஆகியவற்றுக்கு மட்டும் இந்த வழியைத் திறப்போம். தேர்வும் கடுமையாகவே இருக்கட்டும். முதல் முறை வருபவர்களில் பாதிப்பேர் தேறாமல் போனாலும் பரவாயில்லை, மறுபடி வரட்டும். இவ்வளவு ஆண்டு வேலை பார்த்தார் என்பதற்காகச் சான்று கொடுத்தால், அது அவருக்கே மரியாதை ஆகாது.

நேர்காணல் தமிழில் நடக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பேக்சைட், ஃபோர்சைட், க்ளோசிங் எரர் எல்லாம் மட்டம் பார்க்கும்போது அவர்கள் வாயில் புழங்கும் சொற்கள்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று காரணம் சொல்லும்போதுதான் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. தேர்வாளர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அந்தக் காரணத்தைத்தான்.

இதற்கான துண்டுகள் பல நம் ஊரிலேயே கிடக்கின்றன. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். டிப்ளமோ, பட்டதாரிப் பழகுநர்களுக்கான தென்மண்டல வாரியம் தரமணியில் இருக்கிறது. ஓராண்டு முடிந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு மேல் படி இல்லை. அந்தச் சான்றிதழிலிருந்து பகுதிநேரப் படிப்புக்கும், அங்கிருந்து நேர்காணலுக்கும், அங்கிருந்து பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாநகராட்சியும் ஏற்கும் பதிவுக்கும் தொடர்ச்சி வேண்டும். கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அளவீட்டுக் கணக்காளருக்கு, அதாவது குவாண்டிட்டி சர்வேயருக்கு, அப்படி ஒன்று இல்லை. ஆகவே அரசுத் துறைகள் தங்கள் டெண்டர் நிபந்தனையில் ‘இந்தத் தகுதி பெற்றவர் ஒருவர் சைட்டில் இருக்கவேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தாலே போதும், நிறுவனங்கள் தாமாக ஆளை அனுப்பிப் படிக்கவைக்கும். செலவை நிறுவனங்கள் ஏற்கட்டும். கட்டடத் தொழிலாளர் நல நிதிக்காக வசூலிக்கும் ஒரு விழுக்காட்டை இதற்குக் கேட்கக்கூடாது. அது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் உரியது.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சர்வே படித்த பெண்கள் பலர் திருமணத்துக்குப் பிறகு சைட்டை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுத் திட்டங்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கிறார்கள். வரைபடத்தைத் திரையில் வைத்து, கம்பி எத்தனை டன், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று கணக்கிடும் நுட்பமான வேலை. ஆனால் அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் வருவதில்லை. அந்த வேலையும் கணக்கில் வரவேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வேயர், சூப்பர்வைசர், பில்லிங் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வழி திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நாளையே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, சைட், என்ன வேலை, எந்தக் கருவி, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், மூடியபோது எவ்வளவு பிழை வந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள், யார் சொல்லிச் செய்தீர்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். சிக்கலான வேலை என்றால் ஒரு கைப்படமும் வரைந்துவையுங்கள். சனிக்கிழமைதோறும் உங்கள் பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டோடு அவரிடம் வரும் தம்பிக்கு மறுக்காமல் கையெழுத்துப் போடும்படி பொறியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தவறு தெரிந்தால் அதன் ஓரத்திலேயே எழுதிக்கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.