இருட்டில் கேட்கிற சிரிப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். "சோர்ந்துபோன மக்களாட்சிக்குத் திரைப்படம் தெம்பூட்டுவது பாட்டாலா, நகைச்சுவையாலா?" என்பது தலைப்பு. நகைச்சுவையால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ஆயிரம் பேர் ஒரே குரலில் பாடும்போது பயம் ஓடிவிடுகிறது, அந்த ஒரே குரல்தான் ஜனநாயகம் என்றார். பயம் ஓடும், சரி. ஆனால் ஆயிரம் பேரை ஒரே குரலில் பாடவைப்பது சர்வாதிகாரிக்கும் ரொம்பப் பிடித்த வேலை நடுவர் அவர்களே. 1934ல் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் நடந்த தங்கள் கட்சி மாநாட்டை ஹிட்லரின் நாஜிகள் படமாக எடுத்தார்களே, அது கூட்டமே சேர்ந்து கட்சிப் பாட்டைப் பாடுவதோடுதான் முடிகிறது. நல்லவன் கூப்பிட்டாலும் பாட்டு போகும், கெட்டவன் கூப்பிட்டாலும் போகும்.

சிரிப்பை அப்படிக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. ஒரு தியேட்டரை நினைத்துப் பாருங்கள். திரையில் ஒரு மந்திரி பாத்திரம் பொய் சொல்கிறது. எங்கேயோ மூலையில் ஒருத்தர் மட்டும் "ஹ" என்று ஆரம்பிக்கிறார், அடுத்த வரிசையில் இன்னொருவர், அப்புறம் அரங்கமே அதிர்கிறது. ஆளுக்கொரு சத்தம், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. இவ்வளவு நாளாக "எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதோ" என்று வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு, பக்கத்து இருக்கைக்காரனுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது என்று அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. முகம் தெரியாத இருட்டில் குரல் மட்டும் பதிவாகிற அதை நான் ரகசிய வாக்கெடுப்பு என்றே சொல்வேன்.

ஒலியைப் பற்றியும் பேசியாகவேண்டும், ஏனென்றால் இந்த வாதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1936ல் சாப்ளின் எடுத்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் மனிதக் குரல் பெரும்பாலும் இயந்திரம் வழியாகத்தான் கேட்கும். முதலாளி பெரிய திரையில் தோன்றி, வேகத்தைக் கூட்டு என்று கத்துவார். தொழிலாளிக்குப் பேச்சே கிடையாது. கடைசியில் சாப்ளின் வாயைத் திறக்கும்போது, கைமடிப்பில் எழுதிவைத்த பாட்டு வரிகள் பறந்துபோய்விட, அர்த்தமே இல்லாத வார்த்தைகளைப் போட்டுப் பாடிவிடுவார். பார்க்கிறவர்களுக்கோ எல்லாம் புரிந்துவிடும். அது பாட்டுதானே என்று எதிரணி உரிமை கொண்டாடலாம். வார்த்தையே இல்லாத பாட்டைப் புரியவைத்தது எது என்று யோசித்துவிட்டு வரட்டும்! 1940ல் அவருடைய 'தி கிரேட் டிக்டேட்டர்' வந்தது. அதில் சர்வாதிகாரி ஏதோ ஒரு பொய் மொழியில் நெடுநேரம் கத்தித் தீர்ப்பான், மொழிபெயர்ப்பாளர் அதை அமைதியாக ஒற்றை வரியில் முடித்துவிடுவார், அவன் எதிரே இருக்கிற ஒலிவாங்கிகூட பயத்தில் வளைந்து பின்னால் போகும். அதைப் பார்த்துச் சிரித்தவனால் அப்புறம் எந்த மேடைக் கத்தலையும் பழையபடி வாய்பிளந்து கேட்க முடியுமா?

சகோதரி அவசரநிலைக் காலத்தை எடுத்தார். இந்திப் பாடகர் கிஷோர் குமாரின் பாட்டுகளை வானொலியில் தடுத்தார்கள், ஆட்சி பாட்டுக்குத்தான் பயந்தது என்றார். தடுத்தது உண்மை. ஆனால் ஏன்? அவர் அரசு கேட்ட நிகழ்ச்சிக்கு வர மறுத்தார். அது அந்த மனிதருக்குக் கொடுத்த தண்டனை, அந்தக் காதல் பாட்டுகளில் ஆட்சியை அசைக்கிற வரி எதுவும் இல்லை. அதே காலத்தில் 'கிஸ்ஸா குர்சி கா', அதாவது நாற்காலியின் கதை, என்று ஓர் அரசியல் நையாண்டி இந்திப் படம். எடுத்த அம்ரித் நஹாட்டா அன்று ஆளும் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதில் 'ஜனதா', அதாவது மக்கள், என்ற பாத்திரமாக வருபவர் ஷபானா ஆஸ்மி, அந்தப் பெண்ணுக்கு வாய் பேச வராது. பேசும் படத்தில் மக்களை மட்டும் ஊமையாக நிறுத்திய அந்த ஒரு யோசனைக்கே நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அந்தப் படத்தைத் தடை செய்ததோடு விடவில்லை, பிரதிகளையும் நெகட்டிவையும் அழித்தார்கள். 1977 தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள், நஹாட்டா அதே கதையை மறுபடியும் படமாக்கி வெளியிட்டார்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டையும் சொன்னார்கள். 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சி நீடிக்க 'வேண்டாம்' என்று ஏறக்குறைய 56 சதவீதம் பேர் சொல்ல, 'வேண்டாம்' அணியின் பிரசாரப் பாட்டு பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு என்ன சொன்னது? மகிழ்ச்சி வரப்போகிறது என்றது. பயந்து கிடந்த நாட்டுக்குச் சிரித்த முகத்தைக் காட்டியதால்தான் அந்தப் பாட்டு எடுபட்டது.

ஒன்றை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் படங்களில் கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை, திக்கிப் பேசுகிறவரைக் கேலி செய்து எடுத்த காட்சிகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது எளியவனைக் குனியவைக்கிற சிரிப்பு, அதைக் கேட்டால் எனக்குக் கூசுகிறது. நான் பேசுவது நாற்காலியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைப் பற்றி.

2021ல் வந்த 'மண்டேலா' என்ற தமிழ்ப் படத்தைப் பாருங்கள். ஊரே ஏவல் வேலைக்கு மட்டும் கூப்பிட்ட முடிதிருத்தும் தொழிலாளி, சொந்தப் பெயர்கூட நினைவில் இல்லாதவர். வாக்காளர் அட்டை கிடைக்கிறது, இரண்டு வேட்பாளருக்கும் சரிசமமாக ஓட்டு நிற்கிறது, அவர் கையிலிருக்கும் ஒரே ஓட்டுதான் தீர்மானிக்கும். அதுவரை திரும்பிப் பார்க்காதவர்கள் அவர் காலடியில் வந்து விழுகிறார்கள். அரங்கம் சிரிக்கிறது. ஓர் ஓட்டின் எடையைப் பாடப்புத்தகம் எனக்கு இப்படிப் புரியவைத்ததே இல்லை.

எதிரணியில் அடுத்து வருபவர் நன்றாகப் பாடக்கூடியவர், பாடட்டும், நானும் தாளம் போடுவேன். பாடி முடித்ததும் இந்த ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் கேளுங்கள் நடுவர் அவர்களே: கிஷோர் குமாரின் பாட்டுகளை ஒலிபரப்பாமல் நிறுத்தியதோடு விட்டவர்கள், அந்த நையாண்டிப் படத்தை மட்டும் ஏன் நெகட்டிவ்கூட மிஞ்சாமல் அழித்தார்கள்?