சனிக்கிழமை ரக்பிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் கேட்கும் கூச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தெற்கு டெல்லியில் ஒரு பள்ளி மைதானத்தின் எல்லைக்கோட்டருகே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பள்ளி ரக்பி ஆட்டங்கள் நடக்கின்றன. அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். வாரநாட்களில் முதுகுவலிக்காரர்களோடும் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களோடும் என் பொழுது போகிறது. குளிர்கால சனி, ஞாயிறுகளில் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறேன். ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம் ஆட்கள் என்னைக் கோயிலில் பார்த்தாலும் காய்கறிக் கடையில் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, பையன் ரக்பியில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கை, கால் உடைந்துவிடாதா?"

உடையலாம். ஆனால் கை உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டு ஒட்டவைத்துவிடலாம். எனக்குப் பயமெல்லாம் தலையை நினைத்துத்தான். பிள்ளையை அனுப்புங்கள் என்றே சொல்வேன். அனுப்புவதற்கு முன் அந்தப் பள்ளியில் டேக்கிளை, அதாவது எதிராளியை மடக்கிப் பிடிப்பதை, யார், எப்படிச் சொல்லித்தருகிறார்கள், தலையில் அடிபட்ட பிள்ளையைக் களத்திலிருந்து வெளியே எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ரக்பி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளிகள் பெரும்பாலும் ஆடுவது செவன்ஸ். அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை, 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். பந்தோடு ஓடுகிறவரை மட்டுமே மடக்கிப் பிடிக்கலாம். அந்தப் பிடிதான் டேக்கிள். தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது. கையால் சுற்றிப் பிடிக்காமல் தோளால் மட்டும் இடிப்பதும் குற்றம்.

கபடி பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமான காட்சி இல்லை. பாடி வருகிறவரின் இடுப்பையும் தொடையையும் கட்டிப் பிடிக்கிற அந்தத் துணிவும் காலடிக் கணக்கும்தான் இங்கேயும் வேண்டும். வேகம் மட்டும் கூடுதல். இருவரும் எதிரெதிரே முழு ஓட்டத்தில் வருகிறார்கள்.

அதனால்தான் இந்தப் பிடியை நின்றபடி தொடங்கக் கூடாது. ஆட்டங்கள் தொடங்கும் முன் இங்கே ஒரு பயிற்சியாளர் புதிதாகச் சேர்ந்த சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் இருவரையும் மண்டியிட வைத்தார். பந்து வைத்திருக்கும் பெண் மண்டியிட்டபடியே நகர வேண்டும், இவள் அவளைச் சாய்க்க வேண்டும். முதல் முறை இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவர் உடனே நிறுத்தினார். பந்து வைத்திருந்த பெண்ணின் அரைக்கால் சட்டைப் பக்கவாட்டில் ஒரு வண்ண நாடாவை ஒட்டிவிட்டு, "நாடா எந்த நிறம் என்று சொல்லிவிட்டுப் பிடி" என்றார். நிறத்தைச் சொல்ல வேண்டுமானால் கண் திறந்திருக்க வேண்டும், முகம் நிமிர்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை அவள் கன்னம் எதிராளியின் இடுப்புக்குப் பின்புறமாகப் போய் ஒட்டியது. தலை உடலுக்கு முன்னால் சிக்கவில்லை. விழும்போது எதிராளி கீழே, இவள் மேலே.

தலை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் டேக்கிளின் உயிர். ஓடி வருகிறவரின் முழங்காலுக்கு முன்னால் தலையை வைக்கிற பிள்ளைக்கு என்றாவது ஒரு நாள் அடிபட்டே தீரும். மண்டியிட்டு, பிறகு குந்தி, பிறகு நடந்து, அதன்பின் ஓடி என்று படிப்படியாகக் கற்றுக்கொண்ட பிள்ளை ஆட்டத்தின் பரபரப்பிலும் தலையைச் சரியான பக்கம் வைக்கிறது. முதல் வாரத்திலேயே ஓடிப்போய் இடிக்கச் சொல்லும் பள்ளி என்றால் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள். நல்ல பயிற்சியாளர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

இப்போது தலைக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் வடக்கு அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில் 14 வயது மாணவன் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டது. களத்திலேயே அவனைப் பார்த்தார்கள். அவன் தொடர்ந்து ஆடினான். ஆட்டம் முடியும் தறுவாயில் சரிந்து விழுந்தான், பிறகு இறந்துபோனான். முதல் தலை அதிர்ச்சியிலிருந்து, அதாவது அடியால் மூளை குலுங்கும் கன்கஷனிலிருந்து, மூளை மீளும் முன்பே இரண்டாவது அதிர்ச்சி தாக்கியதுதான் காரணம் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. இரண்டாவது அடி பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூளை வேகமாக வீங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் குடும்பம் விடாமல் போராடியதும் சேர்ந்துதான், சந்தேகம் இருந்தாலே வெளியே உட்காரவை என்கிற விதி அங்கே எல்லா விளையாட்டுகளுக்கும் வந்தது. 2023இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், தலை அதிர்ச்சி ஏற்பட்டவர் 21 நாள் கழியும் முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது.

இன்று இரண்டாவது ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நீலச் சட்டை அணியின் தலைவன், பதின்மூன்று வயதுப் பையன், ஒரு டேக்கிளில் தலையின் பக்கவாட்டில் முழங்கை பட்டு விழுந்தான். மயங்கவில்லை. உடனே எழுந்துவிட்டான். பெஞ்சில் இருந்த பெற்றோர் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டு இந்தியில் கேட்டேன்: "இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா?" சரியாகச் சொன்னான். "கடைசியாக டிரை போட்டது யார்?" யோசித்தான். தன் பெயரைச் சொன்னான். அவன் அன்று டிரை எதுவும் போடவில்லை, போட்டது எதிரணி. கேட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மாற்று ஆட்டக்காரரை அழைத்துவிட்டார். இரண்டு நிமிடம் பாக்கி, இரண்டே புள்ளிகள் வித்தியாசம். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள்.

பையன் அழுதான். அவன் அப்பா கோபமாக வந்து, "அவனே நன்றாக இருக்கிறேன் என்கிறானே" என்றார். நன்றாக இருக்கிறேன் என்பதைத்தான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அணியை விட்டுக்கொடுக்க எந்தத் தலைவனுக்கும் மனம் வராது. ஆகவே அந்த முடிவைப் பிள்ளையிடமும் விடக் கூடாது, தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் பெற்றோரிடமும் விடக் கூடாது. அந்த அப்பாவை உட்கார வைத்து விளக்கினேன். தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, நடை தள்ளாடினாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று முழுவதும் யாராவது கூட இருக்க வேண்டும். டாக்டர் பார்த்து அனுமதிக்கும் வரை பயிற்சி கூடாது. போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இதே குளிர்காலத்தில் வேறொரு பள்ளி மைதானத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. கண் நிலைகுத்திப் போயிருந்த ஒரு பிள்ளைக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடியும் உள்ளே அனுப்பினார்கள். நான் சத்தம் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது. குழந்தை இருக்கும் இடத்தில் கோப்பை எதற்கு?

அடுத்தது டெல்லியின் காற்று. குளிர்காலத்தில் ஆடுவது இந்த விளையாட்டு பிறந்த ஊரின் வழக்கம். இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் குளிரும் ஈரமும் மண்ணை மெத்தென்று ஆக்குகின்றன, விழுந்தால் வலிக்காது. மும்பையில் அதே காரணத்துக்காக மழைக்காலத்தில் ஆடுகிறார்கள். டெல்லியில் நாம் குளிர்காலத்தை எடுத்துக்கொண்டோம், அதோடு புகையும் வந்து சேர்ந்துகொண்டது. காலை வேளையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் அப்படியே படுத்திருக்கிறது. வண்டிப் புகையும் தூசியும் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் காற்று கலந்து கொஞ்சம் தெளிகிறது. ஆனால் பல பள்ளிகள் பழக்கதோஷத்தில் காலை எட்டு மணிக்கே விசில் ஊதுகின்றன. நண்பகல் தாண்டித் தொடங்குங்கள் என்று நான் எல்லா விளையாட்டு ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்று இங்கே பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கினார்கள். மகிழ்ச்சி.

செல்போனில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் அந்த எண் 24 மணி நேரச் சராசரி. இந்த நிமிடம் உங்கள் பிள்ளை இழுக்கிற மூச்சு அதைவிட மோசமாக இருக்கலாம். உங்கள் வட்டாரத்து நிலையத்தின் மணிவாரி அளவைப் பாருங்கள். ஆர்.கே.புரத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. குறியீடு 300ஐத் தாண்டினால் "மிக மோசம்", 400ஐத் தாண்டினால் "கடுமை" என்கிறார்கள். 300ஐத் தாண்டிய நாளில் பிள்ளைகள் ஓடக் கூடாது என்பது என் கருத்து. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் 200க்கு மேலேயே யோசிக்க வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பள்ளிகளின் திறந்தவெளிப் போட்டிகளை நவம்பர், டிசம்பரிலிருந்து நல்ல மாதங்களுக்குத் தள்ளிவைப்பதைப் பரிசீலிக்கும்படி காற்றுத்தர மேலாண்மை ஆணையத்திடம் சொன்னது. பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரை இந்த ஊரில் ரக்பிக்கு அருமையான பருவம். அட்டவணையை அங்கே நகர்த்துவதில் என்ன கஷ்டம்? தேர்வு வருகிறது என்பார்கள். அந்த வாரங்களில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓடிய பிள்ளை நன்றாகத்தான் படிக்கும்.

தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் மழை குறைவு, புல் காய்ந்து மண் இறுகிவிடுகிறது. முந்தைய நாள் மாலையில் தண்ணீர் பாய்ச்சினார்களா என்று கேளுங்கள். குதிகாலை ஊன்றி அழுத்தினால் மண் கொஞ்சமாவது உள்வாங்க வேண்டும். பற்களுக்கு மவுத்கார்டு கட்டாயம், ஆனால் அது தலை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். தலையில் மாட்டும் பஞ்சுக் குல்லாயும் வெட்டுக்காயத்துக்குத்தான் உதவும்.

தலையைக் காப்பதில் பலன் தந்ததாக ஆய்வில் தெரிந்த ஒன்று, ஆட்டத்துக்கு முன் செய்யும் உடற்பயிற்சிதான். "ஆக்டிவேட்" என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. சமநிலை, தரையிறங்குதல், கழுத்து வலிமை எல்லாம் அதில் உண்டு, இருபது நிமிடம் போதும். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தார் பள்ளி மாணவர்களிடம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு மூன்று முறையாவது செய்த அணிகளில் தலை அதிர்ச்சி 59 சதவீதம் குறைந்திருந்தது. செலவில்லாத மருந்து இது. கழுத்துப் பயிற்சியை மட்டும் தவிர்க்காதீர்கள். மெலிந்த கழுத்துள்ள பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். 2019இல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்று, 15 பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றார்கள். கடைசி நிமிடங்களில் பெனால்டி உதையால் அந்த வெற்றியைத் தந்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். புவனேசுவரத்தில் பழங்குடி மாணவர்களுக்கான உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர். பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் விளையாட்டுதானே என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கொல்கத்தாவில் ரக்பி ஆடினார்கள். அங்கே தொடங்கிய மன்றம் கலைந்தபோது வங்கிக் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன. அதன் கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியில் யானை. நம் சென்னையின் பெயர் தாங்கிய சென்னை புல்ஸ் அணிதான் 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை வென்றது.

நடுவர் களத்துக்குள் போய்விட்டார், நானும் கோட்டருகே போக வேண்டும். அடுத்த காணொளியில் கழுத்துப் பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறேன். ஒரு துண்டும் சுவரும் இருந்தால் போதும், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.