வெளுத்த பவளத்துக்கு எத்தனை வாரம்?

அவையோருக்கு வணக்கம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகள் கோடையில் வெளுத்தால், 'பவளம் செத்துப்போச்சு' என்று உடனே பேச்சு கிளம்பிவிடுகிறது. அவசரப்பட வேண்டாம். வெளுத்த பவளம் பட்டினி கிடக்கிறது. உயிர் இன்னும் போகவில்லை.

பவளம் ஒரு விலங்கு. அதன் உட்தோல் செல்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் அளவுக்கு. பழுப்பு நிறம் அவற்றுடையதுதான். ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பாசி பவளத்துக்குத் தருகிறது. பதிலுக்குப் பவளம் கரியமில வாயுவும் நைட்ரஜனும் தருகிறது, ஆனால் நைட்ரஜனை அளந்துதான் படியளக்கும். தாராளமாகக் கிடைத்தால் பாசி பெருகி, சர்க்கரையைத் தனக்கே வைத்துக்கொள்ளும். சாக்கடை கலக்கும் கரையோரத்தில் பவளம் வெப்பத்துக்குச் சீக்கிரம் மடங்குவதற்கு இதுவும் காரணம்.

நீர் சூடாகும்போது பாசியின் ஒளி பிடிக்கும் பகுதி பழுதாகிறது. பழுது பார்க்கும் வேகத்தைவிடப் பழுதாகும் வேகம் கூடிவிடுகிறது. அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகள் உருவாகிப் பவளத்தின் செல்லுக்குள் கசிகின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது, அல்லது உள்ளேயே செரித்துவிடுகிறது. வெப்பத்தோடு வெயிலும் சேர்ந்து தாக்குவதால் உச்சிப்பக்கம் முதலில் வெளுக்கும். நிழல்பக்கம் பழுப்பாகவே இருக்கும்.

எவ்வளவு சூடு ஆபத்து? அந்தக் கடலின் மிகச் சூடான மாதத்துச் சராசரியை எடுங்கள். அதற்குமேல் 1 டிகிரியோ அதிகமோ ஏறும் வாரங்களின் மிகை டிகிரிகளை மட்டும், கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டுங்கள். 2 டிகிரி மிகை இரண்டு வாரம் நின்றால் கணக்கு 4, வெளுப்பை எதிர்பார்க்கலாம். 8 ஆனால் சாவும் தொடங்கும்.

எல்லாம் ஒன்றுபோல் சாவதில்லை. மான்கொம்புப் பவளம் போன்ற கிளைவகைகள் முதலில் போகும். தடித்த சதையும் கொழுப்புச் சேமிப்பும் உள்ள உருண்டைப் பவளங்கள் பல வாரம் தாக்குப்பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் 2016 வெளுப்பின்போது உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகச் சரிந்தது. பெரிய அடி வாங்கியவை கிளைவகைகளே. நீர் ஆறினால் மிஞ்சிய பாசி பெருகி நிறம் திரும்பும். சில பவளங்களில் டுரூஸ்டினியம் என்ற சூடு தாங்கும் பாசி ஓங்கிவிடும். ஆனால் அது தரும் சர்க்கரை குறைவு. பவளத்தின் வளர்ச்சியும் மெதுவாகும்.

பவளச் சளியில் வாழும் பாக்டீரியாக்களையும் மறக்கக் கூடாது. சில கிருமியைத் தடுக்கின்றன, சில நைட்ரஜனைப் பயன்படும் சத்தாக மாற்றுகின்றன. சூடு ஏறினால் விப்ரியோ போன்ற நோய் தரும் பாக்டீரியாக்களின் கை ஓங்குகிறது. பிரேசில் பவளமொன்றுக்கு நல்ல பாக்டீரியாக் கலவை கொடுத்துத் தொட்டியில் சூடேற்றிய ஆய்வு 2021-இல் வெளியானது. பிழைத்தவை 40 விழுக்காடு கூடின. தொட்டியில் பலித்ததைக் கடல் முழுவதற்கும் மருந்தென்று சொல்வது எனக்கு ஏற்பில்லை.

முக்குளிப்பவர்களுக்கு ஒரு வேலை. பவளத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையில் 1 (மிக வெளிறியது) முதல் 6 (மிக அடர்ந்தது) வரை அடர்த்தி எண்கள் உண்டு. ஒரே பவளத்தில் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும், அட்டையைப் பக்கத்தில் பிடித்து, தொடாமல் குறியுங்கள். கிளை நுனியைத் தவிருங்கள். வளரும் நுனி இயல்பாகவே வெள்ளை. அடுத்த முறை எண் இரண்டு குறைந்திருந்தால் பாசி குறைகிறது. வெள்ளைமேல் கண்ணாடிபோல் சதை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இழைப்பாசி படர்ந்திருந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது.