கல்லடி மணலில் மூன்று வெட்ஜ்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் பற்றி வந்து பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, "எங்கட ஊரில் அதை யார் இருந்து கேட்கப் போகினம்?" என்றுதான் முதலில் சொன்னேன். மட்டக்களப்பில் கோல்ஃப் மைதானம் இல்லை. எனக்குக் கிட்டியது திருகோணமலைப் பக்கம், சீனன்குடாவில் விமானப்படை வைத்திருக்கும் மைதானம். வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று போக வேண்டும். இருட்டோடு வெளிக்கிட்டால்தான் வெயில் ஏறுவதற்குள் ஒன்பது குழியாவது ஆடலாம். வருடத்துக்கு நாலைந்து தடவை அப்படிப் போகிறேன். மற்ற நாளெல்லாம் என் மைதானம் கல்லடிக் கடற்கரைதான். அங்கே மூன்று வெட்ஜ்களை, அதாவது மணலிலிருந்து பந்தைத் தூக்கும் கட்டைக் கோல்களை, அடித்துச் சோதித்த கதைதான் இன்றைக்கு.

இந்த ஆட்டம் எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பணக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். பன்னிரண்டு வருடம் டுபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினேன், ஆட்டக்காரரைச் சிக்கவைக்க வெட்டிவைக்கும் மணற்குழிகளைச் சீவினேன், தண்ணீர்க் குழாய் திருத்தினேன். மாலையில் வேலை முடிந்தபின் பழைய பந்துகளை அடித்துப் பார்க்க எங்களை விட்டார்கள். திரும்பி வரும்போது எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்தார்கள். நான் ஒரு பை நிறைய இரும்புக் கோல்களோடு வந்து இறங்கினேன். அன்று மனைவி பார்த்த பார்வையை வானொலியில் விவரிக்க முடியாது.

சரி, வெட்ஜுக்கு வருவோம். கோல்ஃபில் ஒருவர் பையில் அதிகபட்சம் 14 கோல்கள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் கட்டையானவை, பந்தில் படும் முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்தவை வெட்ஜ்கள். பந்தை உயரத் தூக்கி, கிட்ட விழுத்தி, அதிகம் உருளாமல் நிற்பாட்ட இவைதான் வேண்டும். பிட்சிங் வெட்ஜின் சாய்வு 44 முதல் 48 பாகை வரை இருக்கும். சான்ட் வெட்ஜ் 54 முதல் 56. லாப் வெட்ஜ் 58 முதல் 60. நடுவில் ஐம்பதை ஒட்டிய ஒன்றை இடைவெளி நிரப்ப வைப்பார்கள், அதற்குப் பெயரே கேப் வெட்ஜ். சிறுவயதில் கிட்டி அடித்தவர்களுக்கு இது புதிதில்லை. புள்ளின் நுனியில் தட்டி எழுப்பும் அந்தக் கைப்பக்குவம்தான் இதற்கும் வேண்டும்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்தச் சாய்வுப் பாகையைத்தான் கேட்கிறார்கள். நானும் பல வருடம் அதைத்தான் கேட்டேன். என் 56 பாகை வெட்ஜோடு மணலில் நான் பட்ட பாட்டுக்குச் சாய்வு காரணமே இல்லை என்பது போன வருடம்தான் விளங்கியது.

வெட்ஜின் அடிப்பாகத்தை, நிலத்தில் உட்காரும் பகுதியை, ஒருதரம் திருப்பிப் பாருங்கள். முன்விளிம்பை விடப் பின்பக்கம் கீழே தொங்கிக்கொண்டு இருக்கும். அந்தத் தொங்கலையும் பாகையில்தான் அளக்கிறார்கள். பெயர் பவுன்ஸ். ஆறு பாகையும் அதற்குக் கீழும் குறைந்த பவுன்ஸ், ஏழிலிருந்து பத்து வரை நடுத்தரம், அதற்கு மேல் கூடியது என்று பொதுவாகப் பிரிப்பார்கள். பல வெட்ஜ்களின் தலையிலேயே இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். 56, அடுத்து 10 என்றால் சாய்வு 56, பவுன்ஸ் 10.

இது என்ன வேலை செய்கிறது? மண்வெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தகட்டுக்கு அடிவயிறு கிடையாது, விளிம்பு மட்டும்தான், அதனால் போட்டால் நேரே இறங்குகிறது. தோணிக்கு அடிவயிறு இருக்கிறது. அதனால்தான் அலை அதை மேலே தூக்குகிறது. பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் மண்வெட்டிச் சாதி, கூடியது தோணிச் சாதி.

இந்த அடிவயிறு தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. முந்தைய காலத்தில் மெல்லிய விளிம்புள்ள கோலால்தான் மணலிலிருந்து பந்தைத் தோண்டினார்கள். ஜீன் சரசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் விமானமொன்று கிளம்பும்போது வாலின் தகடு கீழே இறங்க, மூக்கு மேலே எழுவதைக் கவனித்தாராம். அந்த யோசனையில் தன் கோலின் அடியில் உலோகத்தை உருக்கி ஒட்டி, அராவி அராவிப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கோலோடு 1932 இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றார். இன்றைக்கு நாம் வாங்கும் ஒவ்வொரு சான்ட் வெட்ஜுக்கும் அந்த ஒட்டுதான் பாட்டன்.

என் சோதனைக்குக் கையில் மூன்று 56 பாகை வெட்ஜ்கள் சேர்ந்தன. ஒன்று என் பழையது, பவுன்ஸ் 8. இரண்டாவது அம்பாறையில் இருக்கும் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியது, பவுன்ஸ் 14. மூன்றாவது புதிது, பவுன்ஸ் 10, மருமகன் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. பெயர்பெற்ற கம்பனி வெட்ஜ் ஒன்று 150 டொலருக்கு மேலே போகிறது. ஆகவே "பார்த்து அடிங்க மாமா" என்று சொல்லித்தான் தந்தான்.

கல்லடிக் கடற்கரையில் ஒரு வசதி இருக்கிறது, துபாயில் அவ்வளவு காசு கொட்டிக் கட்டிய மைதானத்திலும் அது இல்லை. மேலே அடப்பங்கொடி படர்ந்த பக்கம் கால் புதையும் ஊதுமணல். முப்பது நாற்பது அடி கீழே இறங்கினால் அலை நனைத்துப் போன இறுகிய மணல், சைக்கிளே ஓடலாம். இரண்டு விதமான மணற்குழியும் பக்கத்துப் பக்கத்தில்.

ஆங்கிலத்தில் மணற்குழியைப் பங்கர் என்பார்கள். அந்தச் சொல் நம்மூர்க்காரருக்கு வேறு நாட்களை ஞாபகப்படுத்தும் என்பதால் நான் மணற்குழி என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

ஊதுமணலில் பந்து இல்லாமலே தொடங்கினேன். தடியால் ஒரு நீளக் கோடு கீறி, கோட்டுக்கு நேரே நின்று, கோட்டில் மணலை அடிப்பது. ஒவ்வொரு வெட்ஜாலும் பத்துத் தடவை. மணலில் விழும் தடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தடம் கட்டையாகவும் ஆழமாகவும் இருந்தால் கோல் தோண்டியிருக்கிறது. நீளமாகவும் மேலோட்டமாகவும், ஒரு மீன் வெட்டும் பலகை அளவில் இருந்தால் வழுக்கிப் போயிருக்கிறது. என் பழைய 8 தோண்டிய பள்ளங்களில் தென்னங்கன்று வைத்திருக்கலாம். 14 அழகாக வழுக்கியது. புதிய 10 இரண்டுக்கும் நடுவில், ஆனால் என் கை அவசரப்பட்ட நேரங்களில் அதுவும் கொஞ்சம் இறங்கியது.

மறுகா பந்தை வைத்தேன். மணற்குழியில் பந்தைக் கோல் தொடுவதே இல்லை என்பதை முதன்முதல் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். பந்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் பின்னால் மணலில் கோல் நுழைய வேண்டும். மணல் கிளம்பும், அந்த மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஊதுமணலில் 14 தான் ராசா. பத்தில் எட்டுப் பந்து நான் விரித்து வைத்த படங்குக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பழைய 8 இல் நாலுதான்.

அதே 14 ஐ எடுத்துக்கொண்டு அலைக்கரைக்குப் போனேன். முதல் அடியிலேயே கதை மாறிவிட்டது. இறுகிய மணலில் அந்தத் தோணி வயிறு பட்டுத் துள்ளியது, விளிம்பு பந்தின் நடுவில் மோதியது, பந்து தாழப் பறந்து நேரே கடலுக்குள். இரண்டாவதும் அப்படியே. கரைவலைக்காரப் பொடியன் ஒருவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மாமா, தொலைச்சத தேடுறீங்களா, தொலைக்க வந்தீங்களா?" என்று கேட்டான். மூன்றாவதை அடிக்கவில்லை. அங்கே பழைய 8 நல்ல பிள்ளையாக வேலை செய்தது. புதிய 10 உம் மோசமில்லை.

ஆகவே எது நல்ல வெட்ஜ் என்று யாராவது கேட்டால், எந்த மணலுக்கு என்று திருப்பிக் கேட்பேன். மழை விழுந்து மெத்தையாகக் கிடக்கும் நுவரெலியாப் புல்லுக்குப் பவுன்ஸ் கூடினது கைகொடுக்கும். ஆவணியில் கட்டாந்தரையாகக் காய்ந்த நம்முடைய கிழக்குக் கரைக்குக் குறைந்தது. அதே கிழக்குக் கரை மார்கழி மழையில் பொதபொதவென்று ஊறியபின் கணக்கு திரும்பவும் மாறும்.

இன்னொன்று. பொறித்த இலக்கம் பாதிதான் உண்மை, மீதி உங்கள் கையில் இருக்கிறது. அடிக்கும் நேரம் கைகளைப் பந்துக்கு முன்னே தள்ளிச் சாய்த்தால், சாய்க்கும் பாகை அளவுக்குப் பவுன்ஸும் கரைந்துவிடும். எட்டுப் பாகை வெட்ஜை எட்டுப் பாகை முன்னே சாய்த்தால் மண்வெட்டிதான் மிச்சம். மருமகன் கைத்தொலைபேசியில் பிடித்த வீடியோவைப் பார்த்தபோது நான் செய்துகொண்டிருந்தது அதேதான் என்று தெரிந்தது, இவ்வளவு வருடமாகக் கோலைத் திட்டிக்கொண்டு! எதிர்ப்பக்கமாக, வெட்ஜின் முகத்தை விரித்துப் பிடித்தால் பவுன்ஸ் கூடும். மணற்குழிக்குள் ஆட்டக்காரர்கள் முகத்தை விரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முகத்தில் இருக்கும் கோடுகளைப் பற்றியும் பேச வேண்டும். அவை டயர்ப் பூப் போல. காய்ந்த பந்தில், காய்ந்த முகத்தில் கோடு தேய்ந்திருந்தாலும், பந்தை ஓடவிடாமல் நிற்பாட்டும் பின்சுழற்சி ஓரளவு கிடைக்கும். பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஈரமும் புல்லும் சிக்கும்போதுதான், அவற்றை ஒதுக்க இடம் வேண்டி, கோடுகள் தேவைப்படுகின்றன. அவை மிதமிஞ்சி வேலை செய்கின்றன என்று 2010 இல் விதி வகுப்பவர்கள் கோட்டின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூருக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்து, முதலில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அமுல்படுத்தினார்கள். இதைச் சோதிக்க ஒரு விடியற்காலை, பனி ஈரம் காய முன்னர், உறவினரின் தென்னந்தோட்டத்துப் புல்லில் இருபது மீற்றருக்குத் தட்டிப் பார்த்தேன். பழையதில் பந்து வழுக்கி உயரக் கிளம்பி, விழுந்தபின் ஓடிக்கொண்டே இருந்தது. புதியதில் தாழக் கிளம்பி, இரண்டு துள்ளலில் நின்றது. பந்தும் முக்கியம். யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக் மேலோடு உள்ள பந்துதான் இந்தச் சுழற்சியைப் பிடிக்கும், விலை குறைந்த வன்மையான பந்தில் எந்த வெட்ஜும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. சோதிக்கும்போது எல்லா வெட்ஜுக்கும் ஒரே பந்தை எடுங்கள்.

கோலின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்று பார்க்கக் கருவி தேவையில்லை. வெள்ளைப் பலகையில் எழுதும் பேனையால் பந்தில் ஒரு தடித்த புள்ளி வைத்து, அந்தப் பக்கம் வெட்ஜைப் பார்க்கும்படி வைத்து அடித்தால் மை முகத்தில் ஒட்டும். ரியூஷன் வாத்தியாரான என் தம்பியின் பேனைகள் இப்படித்தான் காணாமல் போகின்றன. தூரத்துக்கு, பந்து விழுந்த இடம் வரை காலடியால் அளந்து கொப்பியில் எழுதினால் போதும். உருண்ட தூரத்தைச் சேர்க்கக் கூடாது. ஆகச் சிறந்த அடியைப் பார்த்து மயங்கவும் கூடாது, பத்தில் ஆக மோசமான மூன்று எங்கே விழுந்தன என்று பாருங்கள். ஒரு வெட்ஜுக்கும் அடுத்ததுக்கும் நாலு முதல் ஆறு பாகை இடைவெளி இருந்தால் தூரமும் பத்து, பன்னிரண்டு மீற்றராகப் பிரிந்து நிற்கும்.

கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கணக்குப் பார்த்து, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் பெரும்பங்கு தூர அடிகளிலிருந்துதான் வருகிறது என்று காட்டியிருக்கிறார். உண்மைதான். ஆனால் கல்லடிக் கடற்கரையில் இருநூறு மீற்றர் அடித்தால் யாராவது ஒருவரின் மண்டையில் விழும். என்னால் பழகக் கூடியது இந்தச் சின்ன ஆட்டம்தான். அதையும் காலை ஆறு மணிக்கு, கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் பார்த்துத்தான் செய்கிறேன்.

கடற்கரை இரும்புக்கு எதிரி என்பதையும் மறக்க வேண்டாம். மணல் கோடுகளைத் தேய்க்கும், உப்புக்காற்று துருவேற்றும். அதனால் சோதனை முடிந்ததும் புதிய 10 ஐ நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் பூசிப் பைக்குள் போட்டுவிட்டேன். அது இனிச் சீனன்குடாப் புல்லுக்கு மட்டும். கடற்கரைக்குப் பழைய 8 தான், அதற்கு இனித் தேயவும் ஒன்றுமில்லை.

இரவல் வாங்கிய 14 இன்னும் என் வீட்டுக் கதவு மூலையில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு கிழமையில் தருகிறேன் என்று வாங்கி நாலு மாதமாகிவிட்டது. அம்பாறை நண்பர் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுவருகிறேன். கடலுக்குள் போன இரண்டு பந்தும் உங்களுடையவைதான், அதை நேரில் வந்து சொல்கிறேன்.

வணக்கம்.