நாட்காட்டிப் படமும் நம் உடம்பும்

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், அயல்கூட்டம் எனப்படும் அக்கம்பக்கக் குழுக்களைக் கொண்ட குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தலைவி அவர்களே, அயல்கூட்டங்களிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ரில்ஸ்டோன் என்றொரு சிற்றூர். அவ்வூர் மாதர் சங்க உறுப்பினர் ஏஞ்சலா பேக்கரின் கணவர் ஜான், 1998-ஆம் ஆண்டு தம் 54-ஆம் வயதில் நிணநீர்ப் புற்றுநோயால் காலமானார். அவர் நினைவாக ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட விரும்பிய தோழியர், நடுவயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களுமாகப் பதினொருவர், 2000-ஆம் ஆண்டு நாட்காட்டிக்காக ஆடையின்றிப் படமெடுத்துக்கொண்டனர். ஜாம் காய்ச்சுவது, பூ அடுக்குவது என்று சங்கத்தின் வழக்கமான வேலைகளில்தான் ஈடுபட்டிருந்தார்கள். மறைக்க வேண்டியதைப் பாத்திரமும் பூச்சாடியும் மறைத்தன. கழுத்தில் முத்துமாலை மட்டும் கிடந்தது. படமெடுத்தவர் அவர்களில் ஒருவருடைய கணவர். இன்றுவரை அம்முயற்சியால் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

உடம்பைப் பற்றிய தாழ்வெண்ணத்தைப் போக்கவேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. ஆயினும் சுருக்கமும் தளர்வும் உள்ள உடம்புகள் சிரித்த முகத்தோடு சுவரேறியதைக் கண்டபோது, தம்மைக் கண்ணாடியில் பார்க்கவே கூசிய பெண்கள் பலருக்குச் சற்றுத் தெம்பு வந்தது. யார், எதற்காக, யாரிடம் படமெடுத்துக்கொள்வது என்பதை அவர்களே தீர்மானித்ததுதான் இதில் முக்கியம் என்பது என் கருத்து. ஆடையைக் களைந்தது அதற்கு அடுத்தபடிதான்.

நம் சமையலறைச் சுவரைப் பாருங்கள். நகைக்கடை கொடுத்த நாட்காட்டியில், பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் பேனாவால் குறித்த கட்டங்களுக்கு மேலே, மாசுமருவற்ற ஒரு பெண் ஆண்டு முழுவதும் நிற்கிறாள். அவளைத் தேர்ந்தெடுத்தவர் கடைக்காரர். அவளுக்குக் கீழே நின்று குழம்பு கூட்டுபவளைத்தான் கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள், "என்ன இப்படிக் குண்டாயிட்டே, கறுத்தும் போயிட்டே" என்று விசாரிக்கிறார்கள். கேட்பவர்களும் பெரும்பாலும் பெண்களே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தெற்கே திருவிதாங்கூரில், மாரை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1813 முதல் 1859 வரை அடியும் அவமானமும் தாங்கிப் போராடினார்கள்; இறுதியில் வந்த அரச அறிவிப்புகூட, மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. மறைக்கப் போராடியவர்களும் ரில்ஸ்டோன் பெண்களும் எதிரெதிர்த் திசையில் போனதாகச் சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் உடம்பில் எதை மூடுவது, எதைக் காட்டுவது என்று பிறர் விதிக்கக்கூடாது என்பதே இரு தரப்பாருடைய நிலையும்.

இது வெறும் அழகைப் பற்றிய பேச்சன்று. இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். தொடக்கத்தில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை யாரிடம் போய்க் காட்டுவது என்ற வெட்கத்தில் மாதங்கள் ஓடிவிடுகின்றன, மருத்துவரிடம் போகும்போது நோய் முற்றியிருக்கிறது. உடம்பை ஒளித்தே பழகியவளுக்கு அதில் வரும் நோயையும் ஒளிக்கத்தான் தெரிகிறது.

ஆகவே நம் பஞ்சாயத்தின் வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு நிதி சேர்க்க நாமும் ஒரு நாட்காட்டி கொண்டுவரலாம் என்கிறேன். யாரும் ஆடை களைய வேண்டியதில்லை. அது அவர்கள் ஊரில், அவர்கள் எடுத்த முடிவு. நாற்று நடும் கோலத்திலோ, தறியிலோ, மார்பக அறுவைக்குப் பின் தட்டையான பக்கத்தைப் பஞ்சு வைத்து நிரப்பாமலோ, அவரவர் விரும்பியபடி நிற்கட்டும். படத்தில் நிறத்தை வெளுப்பாக்குவதும் இடுப்பைக் குறுக்குவதும் கூடாது. அச்சுக்குப் போகும் நாள்வரை, "என் படம் வேண்டாம்" என்று ஒருத்தி சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

சிவகாசியில் ஆடிப்பெருக்குக்குப் புத்தாண்டு நாட்காட்டி ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர்கள் குவியத் தொடங்கும். அதற்குள் படங்கள் தயாராக வேண்டும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் தத்தம் அயல்கூட்டச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வீட்டாரைக் கலந்துகொண்டு பிறகு கொடுத்தாலும் சரி.