ஓட்டைக்கு முன்னால் எச்சம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டம், மாடித்தோட்டம் போட்டிருக்கும் நம்மில் பலர் இலையில் ஓட்டையைப் பார்த்ததும் புழு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஓட்டை நத்தையாலும் விழும், வெட்டுக்கிளியாலும் விழும். புழுவைக் காட்டிக்கொடுப்பது அதன் எச்சம்தான். கடுகு சிந்தியதுபோலக் கீழ் இலைகளின் மேல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பச்சையாக, ஈரமாக இருந்தால் புழு பக்கத்திலேயே இருக்கிறது. நேர் மேலே உள்ள இலையைத் திருப்பிப் பாருங்கள்.

கத்தரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா, "தம்பி, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன், செடி தலையைத் தொங்கப் போட்டுட்டே நிக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் போதாவிட்டால் செடி மொத்தமும் துவளும். இங்கே மற்ற கிளைகள் விறைப்பாக நிற்க, ஒரே ஒரு நுனி மட்டும் வாடியிருந்தது. அதைக் கிள்ளி, நகத்தால் நெடுக்கப் பிளந்து காட்டினேன். குடைந்த தண்டுக்குள் ஈர எச்சம், அதற்கு நடுவே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சின்னப் புழு. அக்கா அன்றைக்கே எல்லாச் செடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார்.

இதே புழுதான் பிறகு காய்க்குள்ளும் போகிறது. நுழைந்த துளை சுருங்கி மூடிக்கொள்ளும். நாம் காயில் பார்க்கும் பெரிய துளை அது வெளியேறிய வழி. அதனால் காயில் துளையைத் தேடிக்கொண்டிருந்தால் தாமதம்தான். திரும்பவும் சொல்கிறேன்: ஒரு நுனி மட்டும் வாடினால் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நுனியைக் கிள்ளிப் பாருங்கள். கிள்ளியதைச் செடியடியில் போடாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெண்டையிலும் குருத்து இப்படி வாடும்.

தக்காளியில் காய்ப்புழு தலையைக் காய்க்குள் நுழைத்து, பாதி உடம்பை வெளியே வைத்தபடி தின்னும். வட்டமான ஓட்டை அதன் அடையாளம்.

அப்புறம், புரோடீனியா என்கிற இலை தின்னும் புழு. இலையின் அடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருக்கும். பொரித்த குஞ்சுப்புழுக்கள் கூட்டமாகச் சுரண்டியதில் இலை வெளுத்துச் சல்லடையாகிவிடும். அந்த ஓர் இலையைப் பறித்தாலே ஒரு கூட்டம் ஒழிந்தது. வளர்ந்த புழு பகலில் மண்ணில் ஒளிந்துகொள்ளும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போனால்தான் அகப்படும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. முட்டைக்கோசில் தொட்டதும் துள்ளி, நூலில் தொங்கும் சிறு பச்சைப்புழு வைரமுதுகுப் பூச்சியுடையது. முருங்கைக் கம்பளிப்புழுவை வெறுங்கையால் தொடாதீர்கள், அரிக்கும். முதுகில் வெள்ளைக் கூடுகளைச் சுமக்கும் புழுவைக் கண்டால் மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கூடுகளிலிருந்து வரும் குட்டிக் குளவிகள் மற்ற புழுக்களைத் தேடிப் போகும். வணக்கம்.