மீன் தானாகப் புழுப்பதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் வாங்கிவந்து கொல்லையில் உட்கார்ந்து கழுவும்போது எங்கிருந்தோ ஒரு பெரிய ஈ வந்து உட்காரும், பார்த்திருப்பீர்கள். வீட்டு ஈயைவிடப் பருமன். உடம்பு பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும், கண்கள் செங்கல் நிறம். கிரைசோமியா மெகாசெபலா என்பது அறிவியல் பெயர். பின்பாதிக்குப் பெரிய தலை என்று பொருள். ஆணா பெண்ணா என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆணுக்கு இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு நடுவே இடைவெளி இருக்கும்.

பெண் ஈக்கு முட்டை முதிரப் புரதம் வேண்டும், இட்ட முட்டைக்கு ஈரமான இடமும் வேண்டும். செவுள் இடுக்கிலும் வாயிலும் நொய் அரிசி ஒட்டியதுபோல நூறு இருநூறு முட்டைகளைக் குவித்துவிட்டுப் போய்விடும். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் அவை பொரிந்துவிடும்.

அந்தப் புழுவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பருத்த முனைதான் தலை என்று தோன்றும், ஆனால் அது வால். கூர்மையான முனையில்தான் வாயும் இரண்டு கறுப்புக் கொக்கிகளும் இருக்கின்றன. பின்முனையில் கண்போலத் தெரியும் இரண்டு பழுப்புப் புள்ளிகள் மூச்சுத்துளைகள். தலையைச் சதைக்குள் புதைத்துத் தின்றுகொண்டே பின்னாலிருந்து மூச்சு விடுகிறது! எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

நான்கைந்து நாளில் தின்று முடித்து, விலகிப்போய் மண்ணுக்குள் இறங்கும். தோலே இறுகிப் பழுப்புக் கூடாகிவிடும். அப்புறம் உள்ளேயிருந்து வரும் ஈ, நெற்றியில் ஒரு பையை ஊதி, கூட்டின் மூடியைத் தள்ளித் திறக்கும். வெளியே வந்ததும் அந்தப் பை உள்ளே மடங்கிவிடும், வாழ்நாளில் மறுபடி வேலையில்லை. முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ பத்து நாள். இதே ஈதான் மாம்பூவில் தேன் குடிக்கப் போய் மகரந்தத்தையும் சுமக்கிறது. அதை வெறும் அசிங்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

'மீன் புழுத்துப் போச்சு' என்கிறோம். மீனே புழுவைப் பெற்றதுபோல இருக்கிறது அந்தப் பேச்சு. ஐரோப்பாவிலும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, 1668-இல் வெளியிட்ட நூலில் தன் சோதனையைச் சொன்னார். சில ஜாடிகளில் இறைச்சியைத் திறந்து வைத்தார், சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். திறந்த ஜாடியில்தான் புழு வந்தது. மூடிய ஜாடியின் துணியை ஈக்கள் மொய்த்தன, உள்ளே இறைச்சியில் புழு இல்லை.

கருவாடு போடுபவர்களுக்கும் இதுதான் வழி. ஈரம் காய்வதற்குள் ஈ முந்திக்கொள்ளும். அதனால் மீனைக் கீறி உப்பு தடவியதுமே மெல்லிய வலைத்துணியால் மூடிவிடுங்கள். துணி மீனின் மேல் படியாமல், நாலு குச்சி நட்டு உயர்த்திக் கட்டுங்கள். படிந்தால் துணியின் கண் வழியாகவே முட்டையிட்டுவிடும்.